சிவப்பு மைக் கோடு

1988இல் கருவூலத் துறையில், அதாவது அரசின் சம்பளம், ஓய்வூதியம், செலவு பில்களைப் பாஸ் செய்கிற துறையில், இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் வாரம் கண்காணிப்பாளர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, பிழை திருத்துவது எப்படி என்பதைத்தான். பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. பிளேடால் சுரண்டக் கூடாது. அதே எண்ணின் மேல் அழுத்தி எழுதக் கூடாது. தப்பான எண் படிக்கும்படி அப்படியே இருக்க, குறுக்கே சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே சரியான எண். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. "என்ன தப்புன்னும் தெரியணும், யாரு திருத்துனதுன்னும் தெரியணும்மா" என்றார்.

36 வருடம் அந்த வேலையில் இருந்துவிட்டு 2024இல் ஓய்வு பெற்றேன். கடைசி பதினைந்து வருடம் ஈரோட்டுக்கு மேற்கே ஒரு தாலுகா ஊரின் சார்நிலைக் கருவூலம். அரசாங்கத்தை நவீனமாக்குவது பற்றி இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். மேலே உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் பேசுவதைத்தான் அதிகம் கேட்கிறோம். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

நான் சேர்ந்தபோது சம்பளம் ரொக்கம். மாதக் கடைசி வேலை நாளில் பள்ளிக்கூடத்துக் கிளார்க் ஒருவர், துணைக்கு ஒரு அலுவலக உதவியாளர், கையில் ஒரு ரெக்ஸின் பை. நாங்கள் பில் பாஸ் செய்து கொடுப்போம், அவர்கள் வங்கியில் பணம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். பள்ளியில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய பட்டியலில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு எண்ணி வாங்குவார்கள். அந்தப் பை ஊர் போய்ச் சேரும்வரை கிளார்க்குக்கு வயிற்றில் நெருப்புதான். அப்புறம் நேராக வங்கிக் கணக்குக்கே பணம் போனது. பில் கணினியில் வந்தது. சம்பளப் பட்டியல் போட வெப் பேரோல் வந்தது, பில்லைக் கணினியிலேயே பாஸ் செய்ய ஏ.டி.பி.பி.எஸ். வந்தது. பிறகு நிதியையும் பணியாளர் விவரத்தையும் ஒன்றாகச் சேர்த்த ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். வந்தது. இப்போது களஞ்சியம் என்ற பெயரில் சம்பளச் சீட்டும் விடுப்பு விண்ணப்பமும் கைபேசியிலேயே இருக்கின்றன. இதில் எதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த ரெக்ஸின் பையைப் பார்த்தவள் நான்.

2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி, மாநிலத்தின் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அரசின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 2001இல் அன்றைய நிதியமைச்சர் பொன்னையன் வெளியிட்டதற்குப் பிறகு 20 வருடம் கழித்து வந்த அறிக்கை. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று அதில் இருந்ததை எங்கள் அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் சத்தமாக வாசித்தோம். நான்கு நாள் கழித்து, 13ஆம் தேதி, காகிதமே இல்லாத முதல் பட்ஜெட். உறுப்பினர்களின் மேசைமேல் திரை வைத்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அமைச்சர் தனியார் வங்கி, நிதி நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், கணக்கைத் திறந்து மக்கள்முன் வைக்கிறார், அதுவும் பெருமைதான். ஆனால் என் பெருமைக்கு இன்னொரு காரணம் இருந்தது. அந்தத் தொகைகளெல்லாம் எங்கிருந்து போகின்றன என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு பில்லிலும் ஒரு கணக்குத் தலைப்பு இருக்கும். 2071 என்று தொடங்கினால் ஓய்வூதியம். 2202 கல்வி. 2055 காவல் துறை. 2210 மருத்துவம். எட்டாயிரத்தில் தொடங்கினால் சேமநலநிதி, வைப்புத்தொகை போன்றவை. இதை ஒருத்தர் அவசரத்தில் மாற்றிப் போட்டால், ஒரு தலைமையாசிரியரின் விடுப்புச் சம்பளம் எங்கோ ஒரு தலைப்பில் போய் உட்கார்ந்துவிடும். கோட்டையில் வாசிக்கிற தொகை தாலுகாவில் தட்டச்சு செய்த தொகை. கீழே கலங்கினால் மேலேயும் கலங்கல்தான்.

மார்ச் 31 பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது திருவிழா மாதிரி, ஆனால் சாமி இல்லாத திருவிழா. காலையில் உட்கார்ந்தால் நள்ளிரவு வரை பில். ஒதுக்கிய பணத்தை அன்றைக்குள் எடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும். வருடம் முழுக்கக் கிடந்த வேலைக்கு அன்று ஒரே நாளில் பில் போடுவார்கள். பணத்தை அரசுக் கணக்கிலிருந்து எடுத்து ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கமும் நாடு முழுக்க இருந்தது. கணக்குப்படி செலவாகிவிட்டது. உண்மையில் ஒரு செங்கல்கூட நகர்ந்திருக்காது. ஏன் இப்படி? எவ்வளவு செலவழித்தாய் என்பதே எவ்வளவு வேலை செய்தாய் என்பதற்கு அளவுகோலாக இருந்ததுதான் காரணம். இப்படி வெளியே கிடந்த பணத்தைக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2021இல் மாநில அரசு பேசியது. மத்தியத் திட்டங்களுக்கும் 2021 ஜூலை 1 முதல் ஒரு திட்டத்துக்கு மாநிலத்தில் ஒரே கணக்கு என்று வந்தது. அதற்கு அடுத்த கட்டமான ஸ்பர்ஷ் முறையில், பில் பாஸாகிற நேரத்தில்தான் ரிசர்வ் வங்கியிலிருந்து பணம் கிளம்பும். நல்ல ஏற்பாடு. என்னைக் கேட்டால் நிதி நிர்வாகத்தில் நடந்த பெரிய மாற்றம் இதுதான், இதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதே இல்லை.

சரி, நான் சொல்ல வந்தது வேறு.

அரசு ஊழியர் ஒவ்வொருவருக்கும் பணிப் பதிவேடு உண்டு. எஸ்.ஆர். என்போம். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு வரை, வாங்கிய ஊதிய உயர்வு, எடுத்த விடுப்பு, மாறுதல், தண்டனை எல்லாம் அதில் இருக்கும். மாநிலம் முழுக்க சுமார் 9 லட்சம் பேருடைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை வந்தது. அலுவலகம் அலுவலகமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள். மழையில் நனைந்து ஊறிப் போன பக்கங்கள், செல்லரித்த ஓரங்கள், தைத்த நூல் விட்டுப் போனவை. அதையெல்லாம் ஸ்கேன் செய்து, முக்கியமான விவரங்களைத் தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும். பெரிய வேலை. செய்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

2023 ஆகஸ்ட் முதல் வாரம். ஒரு பள்ளியின் இரவுக் காவலர் பாஸ்புக்கை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசைமுன் நின்றார். "ஏனுங் மேடம், எனக்கு மட்டும் சம்பளம் ஏறலீங்க." திரையைப் பார்த்தேன். ஜூன் மாதத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார் என்று காட்டியது. "உங்களுக்கு எத்தனை வயசுங்க?" என்று கேட்டேன். "அம்பத்தஞ்சுங்க" என்றார்.

பள்ளியிலிருந்து எஸ்.ஆரைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் பக்கம், நீல மை, முத்துமுத்தான கையெழுத்து. பிறந்த ஆண்டு 1968. அந்தக் கடைசி எட்டில் இடப்பக்கத்து வளைவு மூடவில்லை. ஸ்கேன் படத்தில் அது மூன்று மாதிரியே தெரிந்தது. ஏற்றியவர் 1963 என்று ஏற்றிவிட்டார். அதற்கு நேர் கீழேயே எழுத்தாலும் எழுதியிருந்தது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. அந்த வரியை யாரும் படிக்கவில்லை. ஏற்றியவரும் படிக்கவில்லை, சரிபார்த்துக் கையொப்பமிட்டவரும் படிக்கவில்லை. 60 வயது முடிந்த மாதம் பட்டியலிலிருந்து அவர் பெயர் தானாக விழுந்துவிட்டது.

எல்லா ஆதாரமும் என் மேசைமேல் இருக்கிறது. பதிவேடு இருக்கிறது, அவருடைய மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது, ஆள் நிற்கிறார். ஆனால் கணினியில் பிறந்த தேதி இருக்கும் கட்டத்தைத் திறந்து திருத்தும் அனுமதி பள்ளியிலும் இல்லை, என் திரையிலும் இல்லை. மேலே எழுத வேண்டும். தலைமையாசிரியர் எழுதினார். நானும் எழுதினேன். கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு ஏறியது. ஆகஸ்ட் போனது. செப்டம்பர் போனது. மகளுக்குக் கல்லூரியில் கட்டணம் கட்ட வேண்டும், மனைவியின் தோட்டை அடகு வைத்தார் என்று பள்ளிக் கிளார்க் சொன்னார். அவர் இரவில் பள்ளிக்குப் போவதை நிறுத்தவில்லை. கணினி அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கேட்டைப் பூட்டித் திறந்துகொண்டுதான் இருந்தார். அக்டோபரில் நிலுவையோடு சம்பளம் ஏறியது.

அந்தக் கட்டம் ஏன் பூட்டிக் கிடந்தது என்று எனக்குத் தெரியும். அதில் நியாயம் இருக்கிறது. பிறந்த தேதியைத் திருத்திக்கொண்டு இரண்டு மூன்று வருடம் கூடுதலாக வேலை பார்க்க ஆசைப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பிறந்த தேதியை மாற்றக் கேட்பதானால் பணியில் சேர்ந்த 5 ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது கண்டிப்பாக வேண்டும். ஆனால் இந்த மனிதர் பிறந்த தேதியை மாற்றச் சொல்லவில்லை. பதிவேட்டில் இருப்பதைத் திரையிலும் அப்படியே காட்டுங்கள் என்கிறார். மூலத்தை மாற்றுவது வேறு, மூலத்தைப் பார்த்து நகலைச் சரிசெய்வது வேறு. இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டு, சாவியைத் தொலைதூரத்தில் வைத்துவிட்டால், தப்பு செய்யாதவர் மூன்று மாதம் சோற்றுக்கு அலைய வேண்டியிருக்கிறது.

கருவூலத்தில் காப்பறை உண்டு. ஸ்ட்ராங் ரூம். முத்திரைத்தாள் கட்டுகள், நீதிமன்றத்திலிருந்து வருகிற முத்திரையிட்ட பெட்டிகள் அங்கேதான் இருக்கும். கதவுக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவியும் இரண்டு பேரிடம். ஒருத்தர் மட்டும் திறக்கவே முடியாது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு, இன்றும் அதைவிட நல்லதாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இரண்டு சாவியும் ஒரே கட்டிடத்தில் இருந்தன. காலை பத்து மணிக்கு யாருக்காவது முத்திரைத்தாள் வேண்டுமென்றால் பத்தேகாலுக்குத் திறந்துவிடுவோம். பாதுகாப்பும் இருந்தது, வேலையும் நடந்தது.

கணினியிலும் அப்படி ஒன்று வேண்டும். திருத்தம் கேட்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர், பதிவேட்டின் அந்தப் பக்கத்தை இணைத்தால்தான் கட்டம் திறக்கும், பழைய எண்ணும் புதிய எண்ணும் இருவர் பெயரும் தேதியும் அழியாமல் பதிவாகும். எங்கள் கண்காணிப்பாளர் சொன்ன சிவப்புக் கோடு அதுதான். காகிதத்தில் இருந்த அந்த ஒழுக்கத்தைக் கணினிக்குக் கொண்டுபோவதற்குச் செலவு அதிகம் ஆகாது. இதை யோசிக்க மேலே இருப்பவர் ஒரு முறை தாலுகாவில் வந்து ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

மேலே இருப்பவர்கள் அப்படி யோசித்துச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வூதியர்களுக்கு வருடாந்திர நேர்காணல். மஸ்டரிங் என்றால்தான் அவர்களுக்குப் புரியும். உயிரோடு இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒரு முறை நேரில் காட்ட வேண்டும். முன்பு எல்லோருக்கும் ஏப்ரல், மே, ஜூன். மாநிலத்தில் 7 லட்சத்துக்கு மேல் ஓய்வூதியர்கள், எல்லோரும் கத்தரி வெயிலில். எங்கள் அலுவலக வாசலில் ஒரு வேப்பமரம். விடியற்காலையே வந்து அதன் அடியில் உட்கார்ந்திருப்பார்கள். நான் எழுந்து எழுந்து வெளியே போய் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, ஓய்வூதியப் புத்தகத்தில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வருவேன்.

ஒரு பாட்டி ஞாபகம். காவலராக இருந்தவரின் மனைவி, 80 தாண்டியவர். "அம்மிணி, இந்த வருசமும் உசுரோடதான் இருக்கேன், எழுதிக்க" என்பார் ஒவ்வொரு முறையும். விரல்ரேகைக் கருவி வந்த பிறகு அவருக்குத்தான் கஷ்டம். கட்டைவிரலை வைத்தால் கருவி ஏற்கவில்லை. துடைத்து வைத்தோம். ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை. எதுவும் இல்லை. கையைத் திருப்பிப் பார்த்தேன். வருடம் வருடமாக மஞ்சள் வெட்டி, வேக வைத்து, புடைத்த கை. ரேகை இருந்த இடம் வழவழவென்று கூழாங்கல் மாதிரி இருந்தது. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார், ஐந்து வருடமாக எனக்குத் தெரிந்தவர், இயந்திரத்துக்கு அவரைத் தெரியவில்லை. நல்லவேளை, நேரில் பார்த்து அலுவலரே சான்று போடும் வழி அப்போதும் இருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

கொரோனாக் காலத்தில் 2020இலும் 2021இலும் நேர்காணலுக்கு விலக்கு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஏற்பாடே மாறியது. எல்லோரும் ஒரே மூன்று மாதத்தில் வர வேண்டாம், அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் வந்தால் போதும் என்றார்கள். வீட்டுக்கே தபால்காரர் வந்து கருவியில் பதிந்துகொண்டு போகலாம், அப்போது கட்டணம் 70 ரூபாய். முகத்தைக் காட்டிப் பதியும் வசதியும் வந்தது. புதிதாக ஒரு கட்டிடம் கட்டவில்லை, பெரிய விழா இல்லை. ஒரு அரசாணையில் மாதத்தை மாற்றினார்கள். அடுத்த மே மாதம் வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டியைத் தபால்காரர் வீட்டிலேயே பார்த்துவிட்டார். ரேகை அங்கேயும் விழவில்லையாம், முகத்தைக் காட்டிப் பதிந்தார்களாம். பேத்தி போன் செய்து சொன்னாள்.

மகளிர் உரிமைத் தொகையிலும் இதைப் பார்த்தேன். 2023 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். விண்ணப்பம் வந்தது 1 கோடியே 63 லட்சம். மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேலா, வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேலா, நிலம் எவ்வளவு, கார் உண்டா என்று அரசு தன்னிடமிருந்த தரவுகளையே சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. முதலில் ஒரு ரூபாய் அனுப்பிக் கணக்கு சரியா என்று சோதித்த பிறகுதான் முழுத் தொகையை அனுப்பினார்கள். அந்த ஒரு ரூபாய் எனக்கு ரொம்பப் பிடித்தது. பணம் அனுப்பிப் பழகிய ஒருவர் யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது. அதைவிட முக்கியம், கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று குறுஞ்செய்தி போனது, 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். நவம்பரில் இன்னும் 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். தரவு தப்பாக இருக்கலாம் என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

எங்கள் இரவுக் காவலருக்கும் அப்படி ஒரு குறுஞ்செய்தி மே மாதமே வந்திருந்தால் போதும். "உங்கள் பிறந்த ஆண்டு 1963, ஜூன் மாதத்தோடு ஓய்வு, தவறென்றால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி. அவர் அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்திருப்பார்.

இந்தப் பதிவை எழுத ஒரு காரணம் உண்டு. போன வாரம் என் தம்பி, ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறான், தன் விவரங்களை இதுவரை திறந்தே பார்த்ததில்லை என்றான். பக்கத்தில் உட்கார வைத்துக் கைபேசியில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வாரிசுதாரர் பெயரில் அவன் மனைவியின் பெயர் ஒரு எழுத்து தப்பு. இப்போது அது சின்ன விஷயம். அவன் இல்லாத ஒரு நாளில் அந்த ஒரு எழுத்துக்காக அவள் எத்தனை படி ஏற வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் அரசு வேலையில் இருப்பவர், ஓய்வூதியம் வாங்குபவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, வங்கிக் கணக்கு எண், வாரிசுதாரர் பெயர், வருங்கால வைப்பு நிதி எண். எண்ணால் எழுதியதை எழுத்தால் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் எந்த மாதம் ஓய்வு பெற்றார்கள் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். விரல்ரேகை விழாதென்றால் தபால்காரரிடம் முகத்தைக் காட்டிப் பதியச் சொல்லுங்கள்.